மரத்தில் செய்த மச்சான்

இந்தக் கதையில் எனக்குத் திட்டமாக நினைவில்லாதது ஒரு மீசை. மரத்தால் செய்த அந்தப் பெட்டிக்குக் கறுப்புப் பெயிண்ட்டில் மீசை வரைந்தது தச்சரா, வழிக்காரரா? தச்சர்தான் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது தனியாக உட்கார்ந்து யோசிக்கும்போது, பெயிண்ட் டப்பாவை இடது கையில் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்து ரசித்த முகம் வழிக்காரருடையது மாதிரித் தோன்றுகிறது. மீன்களின் நிறமும் மறந்துவிட்டது. பேச்சுகளில் ஒன்றிரண்டு இடம் மாறியிருக்கலாம். காது விஷயத்தில் மட்டும் சந்தேகம் இல்லை. அதை அறுத்தபோது நாங்கள் எல்லாரும் அங்கேதான் நின்றோம்.

வழிக்காரர் கப்பல் கட்டும் தளத்தின் வடிவமைப்பு அலுவலகத்தில் ஒரு பிரிவுக்குத் தலைவர். நாங்கள் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். அங்கே கட்டியது ஏவுகணை தாங்கிய நாசகாரிக் கப்பல்கள். நாசகாரி என்றதும் எல்லாருக்கும் ஏவுகணை ஞாபகம் வரும், ரேடார் ஞாபகம் வரும். அதற்குள் இருக்கிற பம்பும் மோட்டாரும் கம்ப்ரசரும் யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால் கப்பலின் ஆயுள் நாற்பது வருஷம் என்றால் பம்பின் ஆயுள் எட்டோ பத்தோதான். செத்த யந்திரத்தை வெளியே எடுக்க வேண்டும், மாற்று யந்திரத்தை உள்ளே இறக்க வேண்டும். கப்பல் கட்டும்போது யந்திரங்களை முதலில் வைத்துவிட்டு, அப்புறம்தான் மேலே தளம் தளமாக மூடுவார்கள். குடத்துக்குள் பிஞ்சை விட்டு வளர்த்த பூசணிக்காய் மாதிரி. குடம் உடையாமல் காயை எடுக்க வேண்டும் என்றால், குடத்தை வனையும்போதே யோசித்திருக்க வேண்டும். அதை யோசிக்கிறவர்தான் வழிக்காரர். ஒவ்வொரு யந்திரத்துக்கும் அது கிடக்கிற குழியிலிருந்து திறந்த மேல்தளம் வரை ஒரு வழி. எந்தக் கதவு, எந்தத் திருப்பம், எந்த இடத்தில் தளத்தகட்டை வெல்டிங் வைக்காமல் போல்ட் போட்டு மூட வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு.

நல்ல மூளை அவருக்கு. அதை அவரே முதலில் கண்டுபிடித்துவிட்டதுதான் பிரச்சினை. ஏவுகணைப் பிரிவை அவர் 'பட்டாசுக் கடை' என்பார். ரேடார் பிரிவு 'கண்ணாடிக் கடை'. கடற்படை அதிகாரிகள் 'சலவைச் சட்டை விருந்தாளிகள்'. கூட்டங்களில் யாராவது பேசி முடித்தால் இவர் உடனே பதில் சொல்ல மாட்டார். பேசியவரின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்ப்பார். அந்த இடைவெளியில், பேசியவருக்குத் தான் சொன்னது முட்டாள்தனமோ என்று தோன்ற ஆரம்பிக்கும். அது தோன்றுகிறவரை காத்திருந்துவிட்டு, "அப்புறம்?" என்பார்.

ஆனால் இந்த இளக்காரமெல்லாம் சில்லறைதான். அவர் மொத்தமாகச் சேர்த்து வைத்திருந்தது ஒரே ஒரு ஆளுக்காக. தளத்தின் இயக்குநர். வழிக்காரரின் மனைவிக்குக் கூடப் பிறந்த அண்ணன்.

வழிக்காரர் பரீட்சை எழுதி, தேர்வாகித்தான் வேலைக்கு வந்தார். அப்போது மச்சான் நேர்காணல் அறைக்குள்கூட இல்லை, வெளியே வராந்தாவில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். வராந்தாவில் நின்றது போதாதா? முதல் நாளிலிருந்தே இவருக்குப் பெயர் 'மச்சான் தயவு'. மேசைக்கு மேசை அந்தப் பெயர் நடமாடியது. இவர் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கும். எத்தனை கப்பலுக்கு வழி போட்டாலும், எந்த இக்கட்டான மூலையிலிருந்து எந்த யானையை வெளியே எடுத்துக் காட்டினாலும், பதவி உயர்வு வந்த அன்று ஒருத்தன் இன்னொருத்தனைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தான்.

மச்சானும் லேசுப்பட்டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு அவர் வீட்டில் சாப்பாடு. வந்த விருந்தாளிகளிடம் இவரைக் காட்டி, "நம்ம மாப்பிள்ளைதான் கப்பல்ல கதவெல்லாம் பாத்துக்கிறாரு" என்பார். கேலியாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை. பாசமாகச் சொல்வார். வாசலில் நிற்கிற காவலாளியைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருக்கும் இவருக்கு. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது.

மச்சான் ஓய்வு பெறுவதற்குள் ஒரு நாள் வேண்டும். இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது, எனக்குத் தெரியும் என்று தளம் முழுக்கக் கண்ணால் பார்க்கிற ஒரு நாள். அது கிடைத்துவிட்டால் 'தயவு' செத்துப்போகும். அந்த ஒரு நாளுக்காகத்தான் அவர் வேலைக்கே வந்துகொண்டிருந்தார்.

இனி அந்த மரப்பெட்டி. கணினியில் ஆயிரம் வழி வரையலாம். ஆனால் எங்கள் தளத்தில் ஒரு பழைய கட்டுப்பாடு உண்டு. ஒவ்வொரு பெரிய யந்திரத்துக்கும் அதே அளவில், அதே புடைப்பு பள்ளத்தோடு, மரத்தில் ஒரு பொம்மை செய்வார்கள். அதைக் கட்டி முடிந்த கப்பலுக்குள் கயிறு கட்டி, ஆட்கள் இழுத்து, வழி முழுக்கக் கொண்டுபோக வேண்டும். எங்கேயும் இடிக்காமல் மேல்தளத்துக்கு வந்தால்தான் வழி சரி என்று கடற்படை கையெழுத்துப் போடும்.

ரேடாரைக் குளிர வைக்கிற யந்திரத்தின் மூன்று கம்ப்ரசர்களில் பெரியதற்கு ஒரு பொம்மை செய்தார்கள். பீரோ உயரம், அதைவிட அகலம். நாலு மைலுக்கு அப்பால் பறக்கிற காக்கையையும் விடாத ரேடார், குளிர்ந்த தண்ணீர் ஓடாவிட்டால் கொஞ்ச நேரத்தில் சூடேறிக் குருடாகிவிடும். ரேடார் குருடானால் ஏவுகணைக்குப் போகிற திசை தெரியாது. ஆக, அத்தனை பெரிய நாசகாரியின் வீரம் முழுக்க இந்தக் கம்ப்ரசரின் முதுகில்தான் உட்கார்ந்திருந்தது. பொம்மை கனமாக, சதுரமாக, எதையும் கேட்காத மாதிரி இருந்தது. பக்கவாட்டில் குழாய் வந்து சேர்கிற இடங்களுக்காக இரண்டு புடைப்பு, இரண்டு காது மாதிரி.

"எங்க மச்சான் மாதிரியே இருக்கு" என்றார் வழிக்காரர். "உள்ள ஒண்ணுமில்ல. ஆனா எல்லாரும் தூக்கிட்டுத் திரியணும்."

தச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். மறுநாள் பெட்டியின் நெற்றியில் 'மச்சான்' என்று எழுதியிருந்தது. அதற்கடுத்த நாள் மீசை. இயக்குநருக்கு இருப்பது போலவே, ஓரம் கீழே வளைந்த மீசை. யார் வரைந்தது என்பதைத்தான் முன்னமே சொன்னேன், நினைவில்லை.

பரிசோதனை நாளில் மூன்று அதிகாரிகள் வெள்ளை உடுப்பில் வந்து நின்றார்கள். மேலே மூடுமுன்பே உள்ளே இறக்கி வைத்திருந்த மச்சானைக் குழி ஓரத்திலிருந்து தூக்கி, தள்ளுவண்டியில் ஏற்றி, குறுகலான நடைபாதையில் இழுத்தார்கள். நடைபாதை ஒரு இடத்தில் முழங்கை மாதிரித் திரும்பும். அங்கே வந்து நின்றுவிட்டது.

"இழுப்பா" என்றார் வழிக்காரர்.

"இழுத்தாச்சு சார். காது இடிக்குது." தச்சர் குனிந்து பார்த்தார். "இந்தாளு காதுல எது சொன்னாலும் ஏற மாட்டேங்குதே."

ஆட்கள் சிரித்தார்கள். அதிகாரிகளில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வழிக்காரர் சிரிக்கவில்லை. அவர் போட்ட வழியில் அதுவரை எதுவும் நின்றதில்லை. நின்றது என்ற செய்தி சாயந்தரத்துக்குள் இயக்குநர் அறைக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை சோற்றில் பரிமாறப்படும்.

"அந்தக் காதை எடுத்துரு" என்றார்.

"எடுத்துரவா?" தச்சர் நிமிர்ந்தார். "நெஜ மெஷின்ல இருக்குமே சார்."

"நெஜத்துல அது தனித் துண்டு. போல்ட்டைக் கழட்டினா கையோட வந்துரும்."

"பாத்தீங்களா?"

"நான் சொல்றேன்ல."

ரம்பம் வந்தது. காது கீழே விழுந்தது. மச்சான் முழங்கையில் வழுக்கிக்கொண்டு திரும்பி, போல்ட் தகட்டுத் திறப்பு வழியாக ஜம்மென்று மேலே வந்தார். அதிகாரிகள் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். வழிக்காரர் அந்தக் காதை எடுத்துவந்து தன் மேசையில் காகிதங்கள் பறக்காமலிருக்க வைத்துக்கொண்டார். வருகிறவர்கள் கேட்டால், "எங்க மச்சான் காது" என்பார்.

கையெழுத்து வாங்கியாகிவிட்டது, இனி விசாரித்துக்கொள்ளலாம் என்றுதான் அவர் நினைத்தார். அந்தக் கம்ப்ரசரைச் செய்த நிறுவனம் அனுப்பிய வரைபடத்தில் காது தனித்துண்டா, உடலோடு சேர்த்து வார்த்ததா என்று தெளிவாக இல்லை. நிஜக் கம்ப்ரசரோ குழிக்குள் குளிர்காப்பு உறை சுற்றிக் கிடந்தது, பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு கேள்வி கேட்டால் பதில் வந்துவிடும். ஆனால் வெளி நிறுவனத்தைக் கேட்பதென்றால் இயக்குநர் அலுவலகம் வழியாகத்தான் கேட்க வேண்டும். மச்சானின் அறைக்குப் போய், மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, 'எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்லுங்கள்' என்று சொல்ல வேண்டும். சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினார். நாளாக ஆகக் கேள்வியே பதிலாக மாறிவிட்டது. அடுத்த வருஷம் யாராவது கேட்டிருந்தால், "தனித்துண்டு" என்று அவர் சத்தியமே செய்திருப்பார்.

இதற்கு நடுவில் மீன் தொட்டி வந்தது.

கப்பலை ஒப்படைக்கிற விழாவுக்குக் கடற்படைத் தளபதி வருவதாக இருந்தது. இயக்குநர் எல்லாப் பிரிவுத் தலைவர்களையும் கூப்பிட்டுப் பெரிய மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தார். அதிகாரிகளின் வரவேற்புக் கூடத்துக்குப் பளிங்குத் தரை. நடுவில், தரையோடு சேர்த்துக் கட்டிய கண்ணாடித் தொட்டி. அதில் மீன்கள்.

"உள்ள வந்ததும் அவர் அப்படியே நின்னுடணும்" என்றார் இயக்குநர். "கப்பலுக்குள்ளேயே ஒரு கடல். எப்படி?"

சுற்றிலும் நிற்கிற கடலையெல்லாம் விட்டுவிட்டுத் தொட்டிக்குள் கடலைத் தேடிய அந்த அறிவை மேசையைச் சுற்றியிருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் மெச்சினார்கள். "அருமை சார்" என்றது பட்டாசுக் கடை. "மனசுக்குக் குளிர்ச்சியா இருக்கும் சார்" என்றது கண்ணாடிக் கடை.

வழிக்காரர் வரைபடத்தைப் பார்த்தார். ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. கம்ப்ரசர் வெளியே வருகிற போல்ட் தகட்டின் மேல்தான், ஒரு சாண்கூட விலகாமல், மீன் தொட்டி உட்கார்ந்திருந்தது. தகட்டை மூடிப் பளிங்கு, பளிங்கின் மேல் தொட்டி. கம்ப்ரசர் சாகிற நாளில் மீன்களை ஓட்டிவிட்டுத் தரையை உடைத்தால்தான் வழி.

"மாப்பிள்ளை, உங்க பக்கம் ஏதாவது ஆட்சேபம்?" என்று கேட்டார் இயக்குநர்.

எல்லாரும் திரும்பினார்கள். வழிக்காரர் வழக்கம்போல மச்சானின் முகத்தைப் பார்த்தார். அந்த மௌனம் மற்ற நாள்களைவிட நீளமாக இருந்தது. வராந்தாவில் நின்றதும், கதவெல்லாம் பார்த்துக்கொள்வதும், பிசைந்துகொண்டேயிருந்த சோறும் அந்த இடைவெளியில் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. கேட்ட நாள் இதோ தானாக மேசைமேல் விரிந்து கிடக்கிறது. அவர் வாயைத் திறக்காமலிருந்தால் போதும்.

"அப்போ சரி" என்று சொல்லி இயக்குநர் வரைபடத்தைச் சுருட்டினார்.

அன்று வீட்டில் மனைவி சொன்னாள்: "அண்ணன் போன் பண்ணுச்சு. மீன் தொட்டிக்கு நீங்க மறுப்பே சொல்லலியாமே. 'மாப்பிள்ளைக்கே புடிச்சுப்போச்சு'ன்னு ஒரே சந்தோஷம்."

"சந்தோஷப்படட்டும்."

"என்னங்க, ஏதோ மனசுல வச்சிக்கிட்டுச் சொல்றீங்க."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். லேசாகச் சிரித்தார்.

"நீங்க திட்டினாகூடத் தாங்கிக்கலாம்" என்றாள் அவள். "வாயத் தெறக்காம சிரிக்கிறீங்க பாருங்க, அப்பத்தான் எனக்குப் பக்குங்குது."

தளபதி வந்தார். தொட்டி முன்னால் நின்றார். "மீன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கப்பல் கடலுக்குப் போயிற்று. வழிக்காரர் காத்திருந்தார். சிலர் மழைக்குக் காத்திருப்பார்கள், சிலர் பிள்ளைப்பேறுக்கு. இவர் ஒரு கம்ப்ரசரின் சாவுக்குக் காத்திருந்தார். உதிரிபாகக் கிடங்குக்கு அவ்வப்போது போவார். அங்கே பலகைப் பெட்டிக்குள் புத்தம் புதிய மாற்றுக் கம்ப்ரசர் கிடந்தது. பிரிக்காத பெட்டி. அதன்மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். பெட்டியைப் பிரித்து உள்ளே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

கடைசியில் அது செத்தது. பல நாட்டுக் கப்பல்கள் கூடுகிற பெரிய பயிற்சிக்கு எங்கள் கப்பல் கிளம்ப வேண்டிய வாரத்தில் செத்தது. மச்சான் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. இதைவிடத் தோதான சாவு எந்த யந்திரத்துக்கும் வாய்த்திருக்காது. வழிக்காரர் அன்று சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு கப்பலுக்குப் போனார்.

வரவேற்புக் கூடத்தில் கூட்டம். கப்பலின் பொறியியல் அதிகாரி ஒரு பெண். கைமுட்டி வரை கிரீஸ், கண்ணில் தூக்கமில்லை. அவள் சுற்றிவளைக்காமல் கேட்டாள்.

"மத்த ரெண்டு கம்ப்ரசரை வச்சு ரேடாரைப் பாதிதான் ஓட்ட முடியும். பாதிக் கண்ணோட ஏவுகணை விட எனக்கு அனுமதி கிடையாது. பயிற்சிக்குப் போகணும்னா இதை மாத்தியாகணும். வழி எங்க சார்?"

இயக்குநர் அப்போதுதான் மூச்சு வாங்க ஏறி வந்திருந்தார். தச்சர், ஃபிட்டர்கள், பட்டாசுக் கடை, கண்ணாடிக் கடை எல்லாரும் இருந்தார்கள். வழிக்காரர் இதை எத்தனையோ முறை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார்.

"வழி இருக்கு மேடம். அருமையா இருக்கு." கையை நீட்டினார். "வழிமேலதான் மீன் நீந்துது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பரவியது. இயக்குநரின் முகத்தை மறைக்காமல் ஒதுங்கி நின்றுகொண்டார் வழிக்காரர், எல்லாரும் பார்க்கட்டும் என்று.

"இதுக்கு அடியிலயா?" என்றார் இயக்குநர்.

"நேர் அடியில."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, மாப்பிள்ளை. கேட்டேனே."

"ஆட்சேபம் இருக்கான்னு கேட்டீங்க மச்சான். வழி எங்கன்னு கேக்கலையே."

சிரிப்பு நின்றது. பொறியியல் அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தெருவில் இரண்டு பேர் குப்பைக்கு அடித்துக்கொள்வதைப் பார்க்கிற பார்வை. இயக்குநர் தொட்டியைப் பார்த்தார். அவர் வெட்கப்படுவார், குழறுவார், காரணம் சொல்வார் என்று வழிக்காரர் எதிர்பார்த்திருந்தார். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, உடைங்க" என்றார். அவ்வளவுதான். முட்டாளுக்கு இருக்கிற வசதி அது. தன் முட்டாள்தனத்தைக் கட்டிக்கொண்டு அழமாட்டான்.

மீன்களை வாளிகளில் அள்ளினார்கள். பளிங்கைச் சம்மட்டியால் உடைத்தார்கள். தகட்டைச் சுற்றி ஒட்டிக்கிடந்த சாந்தைச் சுரண்டி, போல்ட்டுகளைக் கழற்றி, தகட்டைத் தூக்கினார்கள். கீழே இருட்டு. நடைபாதையின் அந்தக் கோடியில், குழியிலிருந்து கம்ப்ரசர் கிளம்பியது. செயின் பிளாக்கில் தொங்கி, தள்ளுவண்டியில் உட்கார்ந்து, நடைபாதையில் உருண்டு வந்தது. வழிக்காரர் முன்னால் நடந்தார், ஊர்வலத்துக்கு முன்னால் போகிற ஆள் மாதிரி. கை தட்டாத குறை.

முழங்கையில் 'தங்'கென்று ஒரு சத்தம்.

"அந்தக் காதைக் கழட்டுங்க" என்றார் திரும்பிப் பார்க்காமலே.

ஃபிட்டர் ஸ்பானரோடு குனிந்தான். தடவிப் பார்த்தான். நிமிர்ந்தான். "சார், இதுல கழட்ட என்ன இருக்கு? ஒரே வார்ப்பு."

"போல்ட் இருக்கும் பாரு."

"போல்ட் குழாய் பக்கம்தான் சார். அதைக் கழட்டித்தானே கொண்டாந்தோம். இது உடம்போட சேர்ந்தது. என் காதைக் கழட்டச் சொல்ற மாதிரி இருக்கு."

பொறியியல் அதிகாரி டார்ச்சை அடித்தாள். வழிக்காரர் சலவைச் சட்டையோடு சுவரில் சாய்ந்து இடுக்கில் கையை விட்டார். இரும்பு குளிர்ந்து, வழவழவென்று, ஒரு கோடுகூட இல்லாமல் உடலிலிருந்து காதுக்கு ஓடியது. விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் அதேதான்.

எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தோம். பேசியவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பது எப்படி என்று அவர்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"இங்கயே பிரிச்சு எடுத்தா?" என்றது கண்ணாடிக் கடை.

"இதைப் பிரிச்சு எடுத்துடலாம்" என்றாள் அதிகாரி. "புதுசை எப்படி உள்ள கொண்டுவர்றது? அதுக்கும் ரெண்டு காது இருக்குமே. அதையும் பிரிச்சா, மறுபடி சேர்க்கச் செஞ்ச கம்பெனிக்குத்தான் அனுப்பணும்."

வழிக்காரர் தொண்டையைக் கனைத்தார். "மூலையைத் தப்பாக் கட்டியிருக்காங்க. நான் போட்ட அளவு இது இல்ல."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் எப்போதும் கோணல்தான். அதிகாரி அளவு நாடாவைக் கேட்டு வாங்கி, மூலையைத் தானே அளந்தாள். வரைபடத்தில் என்ன இருந்ததோ, அதுவே சுவரிலும் இருந்தது.

"பொம்மையைக் கொண்டாங்க" என்றாள். "அது வந்துச்சுல்ல இந்த வழியில? எப்படி வந்துச்சுன்னு பாக்கணும்."

தச்சர் வழிக்காரரைப் பார்த்தார். வழிக்காரர் எங்கேயும் பார்க்கவில்லை.

பட்டறை மூலையிலிருந்து கிரேனில் தூக்கி வந்து கரையில் இறக்கினார்கள். தூசி படிந்து, வெயிலில் விரிந்து, ஆனாலும் மீசை கலையாமல் மச்சான் வந்து நின்றார். அதிகாரி சுற்றி வந்தாள். ஒரு பக்கம் புடைப்பு இருந்தது. இன்னொரு பக்கம் ரம்பம் போன தழும்பு.

"இந்தக் காது எங்க?"

தச்சர் பொய் சொல்லப் பழகாதவர் இல்லை. ஆனால் அன்று ஏனோ நிஜமே வந்தது. "சார் மேசையில இருக்கு மேடம். பேப்பர் பறக்காம இருக்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இயக்குநர் மெல்ல முன்னால் வந்தார். பெட்டியின் நெற்றியில் எழுதியிருந்ததைப் படித்தார். கண் கீழே இறங்கி மீசைக்கு வந்தது. கைவிரல் தன்னையறியாமல் தன் மீசை ஓரத்துக்குப் போய், தொட்டுவிட்டுக் கீழே இறங்கியது. கரையில் அத்தனை பேர் நின்றோம். தூரத்தில் ஏதோ படகின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

"மீசை நல்லா வந்திருக்கு" என்றார் இயக்குநர்.

பிறகு வழிக்காரரிடம் திரும்பினார். கோபம் இல்லை. அதுதான் கொடுமை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் இருக்கிற அதே குரல்.

"ஏன் மாப்பிள்ளை, சந்தேகம்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. கம்பெனியில கேட்டுச் சொல்லியிருப்பேன்ல?"

வழிக்காரர் பெட்டியில் ரம்பம் போன தழும்பைப் பார்த்தார். முதல் முறையாக அவருடைய மௌனத்தில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

மீன் தொட்டி இல்லாதிருந்தாலும் கம்ப்ரசர் வந்திருக்காது. இதுதான் அன்று தளம் முழுக்கக் கண்ணால் பார்த்தது. ஒரு முட்டாள் வழியை மூடினான், மீன் தொட்டியைக் காட்டி ஊரைக் கூட்டி. ஒரு கெட்டிக்காரன் அதற்கு முன்னமே மூடியிருந்தான், சத்தமில்லாமல், ஒரு ரம்பத்தால். முட்டாள் மூடியதை உடைக்க ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்தது.

வீட்டுக்குப் போனபோது மனைவிக்கு விஷயம் எட்டியிருந்தது. தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணன் திட்டுச்சா?"

"இல்ல."

"அதான் உங்களால தாங்க முடியல." டம்ளரை அவர் பக்கமாகத் தள்ளினாள். "கேட்டிருந்தா என்ன கொறஞ்சு போயிருப்பீங்க? அதுக்கு ஒரு மரக்கட்டை காதை அறுத்துட்டு வந்து நிக்கிறீங்க."

அவர் தண்ணீரைக் குடித்தார்.

பிறகு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். முழங்கைச் சுவரை வெட்டித்தான் கம்ப்ரசரை மாற்றினார்கள். பயிற்சி அதற்குள் முடிந்துவிட்டது, எங்கள் கப்பலுக்குப் பதில் வேறொன்று போயிற்று. இயக்குநருக்கு ஒன்றும் ஆகவில்லை. சொன்ன தேதியில் ஓய்வு பெற்று, உல்லாசக் கப்பல்களுக்கு உள் அலங்காரம் செய்கிற ஒரு நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்தார். பளிங்கு அவர்களுக்குப் பிடித்திருந்தது. பொறியியல் அதிகாரிக்குப் பதவி உயர்வு கொடுத்துக் கடலிலிருந்து கரைக்கு, ஒரு மேசைக்கு அனுப்பினார்கள். அவள் அதை விரும்பவில்லை என்று கேள்வி. மீன்கள் தளத்துக் கேன்டீனில் கொஞ்ச காலம் இருந்து, ஒவ்வொன்றாகச் செத்தன. தச்சர் இரண்டு காதும் வைத்துப் புதுப் பொம்மை செய்தார், அதற்குப் பெயர் வைக்கவில்லை. பழைய பொம்மை பட்டறை மூலையில் கிடக்கிறது, ஆட்கள் அதன்மேல் டீ டம்ளர் வைக்கிறார்கள். 'மச்சான் தயவு' என்ற பெயர் ஒழிந்தது, அதன் இடத்தில் 'ஒத்தைக் காது' வந்தது. மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக அண்ணன் வீட்டுக்குப் போய் வருகிறாள். வழிப் பிரிவை இன்னொரு பிரிவோடு சேர்த்துவிட்டு, வழிக்காரரை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். காலையில் கதவைத் திறக்கிறார், சாயந்தரம் பூட்டுகிறார்.